ரோட்டுப் பக்கம் வெயில்

ஷார்ஜாவில் இருந்த காலத்தில் எங்களுக்கு இரண்டு வீடுகள் என்று பள்ளியில் சொல்லிக்கொள்வேன். ஒன்று முவைலாவில் நாலாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட். இன்னொன்றுக்குச் சக்கரம் உண்டு. வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஓர் ஆங்கிலேயத் தம்பதியிடமிருந்து அப்பாவும் மாமாவும் கூட்டாக வாங்கிய பழைய கேரவன் அது. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போக வேண்டும். உள்ளே ஒரு கட்டில், சுவரோடு மடிகிற மேஜை, கேஸ் அடுப்பு, தண்ணீர் வராத குழாய் ஒன்று. அம்மா ஒரே ஒருமுறை அதில் வந்து தங்கினாள். காலையில் எழுந்து கூந்தலிலிருந்து மணலை உதறிக்கொண்டே, "நம்ம ஊர்ல இப்படி ரோட்டோரம் வண்டியில குடும்பம் நடத்தினா என்ன பேசுவாங்க தெரியுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு தான் வேலை பார்த்த கிளினிக்கில் வெள்ளிக்கிழமை டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்போது வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் சாயங்காலம் அப்பாவும் மாமாவும் நானும் கிளம்பிவிடுவோம். கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே மணலில் ஒரு சின்ன ஓடுபாதை இருந்தது. பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவர்களின் கிளப் அது. கோபுரம் கிடையாது, வழிகாட்ட ஆள் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நாலைந்து குட்டி விமானங்கள், வாசலில் சங்கிலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பட்டான் காவலாளி. அவ்வளவுதான். அந்த ஓடுபாதைக்குப் பக்கத்தில் கேரவனை நிறுத்திக்கொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு, மாமா அங்கே உறுப்பினர் என்பதால்.

மாமா அம்மாவின் தம்பி. விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. ஆறு நாளும் பிறர் பறக்க வேண்டிய விமானத்தின் அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, ஏழாம் நாள் தானே பறக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கியவர். அவர் ஓட்டியது கிளப்புக்குச் சொந்தமான ஒன்று. மேலே துணி இறக்கை, கீழே மூன்று சக்கரம், முதுகுக்குப் பின்னால் ஒரு விசிறி. சுற்றிலும் சுவரோ கண்ணாடியோ கிடையாது. ஸ்கூட்டருக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். அம்மா அதைப் படத்தில் பார்த்ததற்கே ஒரு நாள் சாப்பிடவில்லை.

அப்பாவுக்கு ஹாம் ரேடியோப் பைத்தியம். பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக் குறி வைத்துக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களோடு "உங்கள் ஊரில் வானிலை எப்படி, என் குரல் எப்படிக் கேட்கிறது" என்று பேசுவதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். வீட்டில் எங்களோடு பேசியதைவிட அதில் அதிகம் பேசியிருப்பார். மாமாவையும் அந்தப் பரீட்சை எழுத வைத்தது அவர்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கையடக்கமான ஒரு செட், தரையில் இருந்தால் பக்கத்து ஊரைத் தாண்டாது. அதையே இரண்டாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுபோனால் வளைகுடாவுக்கு அக்கரையிலிருந்தும் பதில் வரும். அப்பாவின் கையில் ரேடியோ இருந்தது, மாமாவிடம் உயரம் இருந்தது. இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். மாமா மேலே போய் "நான் வானத்திலிருந்து பேசுகிறேன்" என்று சொன்னதும் ராஸ் அல் கைமாவிலிருந்தும் கத்தாரிலிருந்தும் ஆட்கள் வரிசை கட்டுவார்கள். அப்பா கேரவன் மேஜையில் பெரிய செட்டை வைத்துக்கொண்டு யார் யார் பேசினார்கள் என்று எழுதிக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுப்பேன். எனக்கு ஒன்பது வயது.

ஒருமுறை அப்பா வெளியே போயிருந்த நேரத்தில் மைக்கை எடுத்துப் பொத்தானை அமுக்கி, "ஹலோ, நான் பாப்பா பேசறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்பா ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினார். "லைசென்ஸ் இல்லாதவங்க இதுல பேசக்கூடாது. பேசினா போலீஸ் வரும். விசாவ கேன்சல் பண்ணி நம்ம எல்லாரையும் பிளைட் ஏத்தி அனுப்பிடுவாங்க. புரியுதா?" என்றார். அவ்வளவு பெரிய தண்டனை அதற்கு இல்லை என்று இப்போது தெரியும். பிள்ளைகளை மிரட்ட எல்லா ஊரிலும் ஒரு பூச்சாண்டி உண்டு, வளைகுடாப் பிள்ளைகளுக்கு அது விசா. ஆனால் அந்த வருடம்தான் என் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் அப்பாவுக்கு விசா கேன்சல் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அவளுடைய பென்சில் டப்பா டெஸ்க்குக்குள் அப்படியே கிடந்தது. யாரும் அவளைப் பற்றிப் பேசவே இல்லை. அதனால் எனக்கு நன்றாகவே புரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை குளிர்காலத்தின் நடுவே வந்தது. விடியும்போது ஓடுபாதை முழுக்கப் பனிமூட்டம். மாமா ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கேரவன் படியில் உட்கார்ந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குள் பனி கலைந்து நல்ல வெயில் வந்துவிட்டது. மாமா சிரித்தபடி என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தன் கைபேசியை மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டு, ரேடியோவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அந்த விசிறிச் சத்தம் எங்கள் தலைக்கு மேலே போய் மெல்லக் கரைந்தது.

அப்பா முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றிய நேரத்தில் அடுப்பு அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது. பச்சையாகக் கிடந்த முட்டையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. பசிக்கிறது என்று அடம் பிடித்தேன். நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் கால் மணி நேரத் தூரம், அங்கே சிலிண்டர் கிடைக்கும். அப்பா மைக்கை எடுத்து மாமாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"போய்ட்டு வாங்க அத்தான். ஸ்டேஷன பாப்பா பாத்துக்குவா" என்று மாமாவின் குரல் சிரித்தது.

என்னையும் கூப்பிட்டார் அப்பா. நான் வரவில்லை என்றேன், மாமாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று. கதவை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொன்னார். எதையும் தொடாதே என்றார். காவலாளி சங்கிலியை இறக்கிவிட, கார் போனது.

முதலில் ஒன்றும் இல்லை. மாமா யாரோ ஒருவரோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றது. நான் கடல் பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன். கொட்டகையைக் காணவில்லை. சற்று முன்வரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்த தகரக் கூரை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. கலைந்து போனதாக நாங்கள் நினைத்த பனி கடலிலிருந்து திரும்பி வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடுபாதையின் ஓரத்தில் நட்டிருந்த கொடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"அத்தான், வந்துட்டீங்களா?" என்றது ரேடியோ.

நான் மேஜைக்கு அருகே போனேன்.

"அத்தான், கீழ வெள்ளையா இருக்கு. ரன்வே தெரியல. கேக்குதா?"

கிளப்பின் ரேடியோவிலும் அவர் கூப்பிட்டுப் பார்த்திருப்பார். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே பதில் சொல்ல யார் இருக்கப்போகிறார்கள்? கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா. பாப்பா, நீ இருக்கியா? அந்த மைக்க எடுத்து அமுக்கிப் பேசு. ஒண்ணும் ஆகாது. பேசு பாப்பா."

மைக்கை எடுத்தேன். அதன் சுருள் வயர் என் முழங்கையில் உரசியது இன்னும் நினைவிருக்கிறது. கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தேன். அமுக்கவில்லை.

"பாப்பா, இறங்கப் பாத்து பனிக்குள்ள மாட்டிக்கிட்டேன், எனக்கு எந்தப் பக்கமும் தெரியல. ரோட்டுப் பக்கம் வெயில் அடிக்குதா? அத மட்டும் சொல்லு. வெயில் இருந்தா அங்க இறங்கிடுவேன்."

கேரவனின் மறுபக்க ஜன்னலுக்கு ஓடினேன். ரோட்டுப் பக்கம் நல்ல வெயில். மணல்மேடுகள் மஞ்சளாகத் தெரிந்தன, அதற்கப்பால் லாரிகள் போவதுகூடத் தெரிந்தது. திரும்பி வந்து ரேடியோவைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மறுபடியும் ஆட்டினேன்.

"பாப்பா?" என்றார் மாமா. அந்த முறை குரலில் சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு விசிறிச் சத்தம் கேட்டது. ரேடியோவிலிருந்து அல்ல, வெளியிலிருந்து. மிகத் தாழ்வாக எங்கள் கூரைக்கு மேலே வந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பாத்திரங்கள் அதிர்ந்தன. வெயில் இருந்த பக்கம் போகாமல் அது கடல் பக்கமாகத் திரும்பியது. சத்தம் குறைந்துகொண்டே போய், எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி நின்றுவிட்டது.

நான் மைக்கை அதன் கொக்கியில் பழையபடி மாட்டினேன். வயரைக்கூட நேராக்கி வைத்தேன்.

அப்பா சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினார். அதற்குள் ரோடுவரை பரவிவிட்ட பனிக்குள் காரை மெல்ல ஊரவிட்டு ஓட்டி வந்திருந்தார். "மாமா கூப்பிட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இல்ல" என்றேன்.

அப்பா மைக்கை எடுத்துக் கூப்பிடத் தொடங்கினார். முதலில் அழைப்புக் குறியைச் சொல்லி முறையாக. பிறகு பெயரைச் சொல்லி. பிறகு "டேய், டேய்" என்று. விசிறிச் சத்தம் கடல் பக்கம் போனதைக் கேட்ட காவலாளியும் ஓடி வந்தார். இருவரும் கரைப் பக்கம் ஓடினார்கள். போவதற்கு முன் காவலாளி என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் உட்கார வைத்தார். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார். "பேட்டி, ரேடியோ மே குச் போலா?" என்று கேட்டார். மகளே, ரேடியோவில் ஏதாவது பேச்சு வந்ததா என்கிறார் என்று தெரிந்தது. "நஹி" என்றேன். பிஸ்கட்டைத் தின்றேன். பசித்தது.

பனி முழுதாகக் கலைந்த பிறகு ஹெலிகாப்டர் வந்தது. கரையோரத்தில் கண்டல் செடிகள் அடர்ந்த சேற்றுப் பகுதி ஒன்று உண்டு. இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். அங்கேதான் கிடைத்தார். பெல்ட்டோடு, இறக்கைத் துணிக்கு அடியில். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, காவலாளி தலைப்பாகைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்ததும், அப்பாவின் பேன்ட் இடுப்புவரை சேறாக இருந்ததும்தான்.

மதியத்துக்கு மேல் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் அஜ்மானில் இருக்கும் ஒரு மலையாளி. அப்பாவைப் போலவே ரேடியோக்காரர். குரலால் பல வருடப் பழக்கம், முகத்தைப் பார்ப்பது அன்றுதான் முதல்முறை. வீட்டில் அடுக்களை வேலையாக இருந்தபோது மாமாவின் குரலைக் கேட்டிருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மைக்கை எடுப்பதற்குள் அது அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் பதில் இல்லாததால் மனது கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் கேரவன் படியில் உட்கார்ந்திருந்தோம். அவர் அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு நாலு தடவை விளிச்சு, சாரே. பப்பா, பப்பான்னு விளிச்சு. பாவம், அச்சனை நினைச்சு விளிச்சதாயிருக்கும். ரோட்டுப் பக்கம் வெயில் உண்டோன்னு கேட்டு. எனக்கு எப்படித் தெரியும், நான் அஜ்மான்ல அல்லே?"

அவர் ஊரில் பப்பா என்றால் அப்பா. சாகப்போகிற ஒரு மனிதன் தன் தகப்பனைக் கூப்பிட்டான் என்று நினைத்து அவர் அழுதார்.

அப்பா அழவில்லை. எழுந்து கேரவனுக்குள் போனார். ரோட்டுப் பக்கத்து ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தார். பிறகு மேஜைமேல் மாட்டியிருந்த மைக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் என் முன்னால் மண்டியிட்டு, அவிழ்ந்திருந்த என் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். சேறு காய்ந்த விரல்களால் இரண்டு முடிச்சுப் போட்டார்.

"யாராவது கேட்டா நீ தூங்கிட்டு இருந்தே" என்றார். "புரியுதா? நீ தூங்கிட்டு இருந்தே."

போலீஸ் அதிகாரி வந்தபோது மரியாதையாகத்தான் பேசினார். இறந்தவர் ரேடியோவில் கூப்பிட்டதாக ஒருவர் சொல்கிறாரே, அந்த நேரத்தில் இங்கே யார் இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான்தான் இருந்தேன் என்றார் அப்பா. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று செட்டை அணைத்து வைத்திருந்தேன், சமைத்துக்கொண்டிருந்தேன், மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், பப்பா என்று மாமா கூப்பிட்டது என்னைத்தான், விளையாட்டாக அப்படிக் கூப்பிடுவார் என்றார். ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னார். நான் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

அதிகாரி காவலாளியைக் கூப்பிட்டு, இவர் காலையிலிருந்து இங்கேயா இருந்தார் என்று கேட்டார். காருக்காகச் சங்கிலியை இறக்கிவிட்டவர் அவர். அவர் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஜி. சாப் யஹீ தா" என்றார். ஐயா இங்கேதான் இருந்தார் என்று.

உடலை ஊருக்கு அனுப்ப ஐந்து நாள் ஆயிற்று. கூடவே அம்மா போனாள், நானும் போனேன். மதுரையில் வந்து போகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் தம்பி அங்க கத்திக்கிட்டு இருந்திருக்கான், இவரு ரேடியோவ ஆஃப் பண்ணி வெச்சிட்டு முட்டை பொரிச்சிக்கிட்டு இருந்திருக்காரு." அதைக் கேட்டு வந்தவர்கள் அப்பாவைப் பார்க்கிற பார்வையில் ஒரு சுளிப்பு இருக்கும். சடங்குகளுக்கு லீவு போட்டு வந்திருந்த அப்பா கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் வாங்கிக்கொண்டார். ஒருநாள் அம்மாவின் பெரியப்பா அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். அப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் போய் நின்றார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அம்மா ஷார்ஜாவுக்குத் திரும்பவில்லை. என்னை மதுரையிலேயே பள்ளியில் சேர்த்தாள். அப்பா கேரவனை விற்றார், ரேடியோ லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டார், பிறகு சவூதியில் ஜுபைலுக்கு வேலை மாற்றிக்கொண்டு கேம்ப் அறையில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்தால் ஹாலில் படுத்துக்கொள்வார். அம்மா சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

என் பொய் யாருக்கும் தெரியாது என்று நம்பினேன். அந்த நிம்மதியில், அவருடைய பொய்யைத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்ற இறுமாப்பும் சேர்ந்துகொண்டது. என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனதை மறைக்க, போலீசுக்குப் பயந்து அப்படிச் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன். பன்னிரண்டு வயதில், லீவில் வந்தவர் என் மார்க்கைப் பற்றி ஏதோ கேட்டதற்கு, "பொய் சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்ல" என்றேன். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. கையில் பிடித்திருந்த தண்ணீர் டம்ளரை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "சரிம்மா, சாப்பிடு" என்றார்.

நாலு வருடம் முன்பு ஜுபைலில், டூட்டிக்குக் கிளம்பும்போது அறை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மனிதர்கள் தப்பித்துக்கொள்ளத்தான் பொய் சொல்வார்கள் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன். கேஸ் வாங்கப் போயிருந்த உண்மையை அப்பா சொல்லியிருந்தால் அவர் மேல் பெரிய பழி விழுந்திருக்காது. அடுப்பு அணைந்ததற்கு யார் என்ன செய்ய முடியும் என்று அம்மாவேகூட ஒருநாள் ஆறியிருப்பாள். ஆனால் அதைச் சொன்ன மறுகணம் எல்லாரும் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்கள், அப்படியானால் ரேடியோவுக்குப் பக்கத்தில் யார் இருந்தது என்று. போலீஸ் கேட்டிருக்கும், அம்மா கேட்டிருப்பாள், வாழ்நாள் முழுக்க நானே என்னைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்வி யார் வாயிலிருந்தும் வராமல் அவர் பார்த்துக்கொண்டார். நானோ, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, தெருவில் செருப்போடு நின்ற அந்த மனிதரைப் பார்த்து, பொய் சொன்னவருக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.